நூற்றுப் பதினைந்து ராத்தல்

மதராஸிலிருந்து வந்த பழுப்புக் கவரை ஞானமுத்து வீட்டில் யாரும் உடனே பிரிக்கவில்லை. தபால்காரர் அதை மதலேனம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். மகன் கிணற்றடியிலிருந்து வரும் வரைக்கும் அடுப்பைக்கூடக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 1949-ஆம் வருஷம், மாசி மாதம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் மூன்றாவது மைலில் இருக்கிற சவேரியார்பட்டிக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதிய கவர் வந்தது அதுதான் முதல் தடவை.

மகன் பெயர் மரிய செல்வம். வயது பதினேழு. வந்தவன் கையைக்கூடத் துடைக்காமல் கவரைப் பிரித்தான். படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது.

"என்னடா எழுதியிருக்கான்?" என்றார் அப்பா ஞானமுத்து. ஏரைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

"வரலாங்கிறாங்கப்பா. வெமானம் ஓட்டக் கத்துக்கற கிளப்புல பத்து பேர எடுக்கிறாங்களாம். செலவுல பெரும்பங்கு சர்க்கார் ஏத்துக்குமாம். மீதிக்கு அங்கயே வெமானக் கொட்டாயில வேல செய்யணும்."

"அவ்ளோதானா?"

"பதினேழு வயசு முடிஞ்சிருக்கணும். அது கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துல இருக்கு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்கணும். அதுவும் ஆச்சு. சித்திர மாசம் திருச்சி ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்து தேகம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுக்கணும். அப்புறம்..." அவன் நிறுத்தினான்.

"அப்புறம்?"

"அப்பா கையெழுத்து."

ஞானமுத்து தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பன்னிரண்டு வயதுத் தங்கை லீலா மேரி, "அண்ணே, மேல போனா நம்ம வூட்டுக் கூரையில இருக்கற ஓட்ட கண்ணுக்குத் தெரியுமா? அப்பா ரொம்ப நாளா தேடுறாரு" என்றாள்.

இந்த விமான ஆசை எங்கிருந்து வந்தது என்று ஊரில் பலருக்குத் தெரியாது. உலகச் சண்டைக் காலத்தில் தலைக்கு மேல் விமானம் போனது எல்லாருக்கும்தான் தெரியும். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், குனிந்து வேலையைப் பார்த்தார்கள். செல்வம் மட்டும் அதை யார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போன வருஷம் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் உட்காராமல் மாப்பிள்ளை வீட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய் வாசலில் நின்றான். டீ குடிக்க வெளியே வந்த ரேடியோ ஆபீஸ்காரர் ஒருவர் அவனிடம் பத்து நிமிஷம் பேசினார். அவர் சொன்னதில் மாயம் எதுவும் இல்லை. "கண்ணு நல்லா இருக்கா பாரு. கணக்கப் போடு. இங்கிலீஷ பயப்படாமப் பேசு. பதினேழு முடிஞ்சதும் இந்த விலாசத்துக்கு எழுது. மொதல்ல கத்துக்கறதுக்கு ஒரு பெர்மிட்டு, அப்புறம் ஏ லைசென்ஸு, அப்புறம் பி. பி இருந்தாத்தான் ஆள ஏத்திக்கிட்டு சம்பளத்துக்கு ஓட்டலாம். வருஷக்கணக்காவும். பொறுமை இருக்கா?"

இருந்தது. ஒரு வருஷம் அவர் சொன்ன வரிசைப்படியே செய்தான். கணக்கு வாத்தியாரிடம் பழைய கணக்குப் புத்தகங்களை வாங்கிப் போட்டான். இங்கிலீஷ் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஏர் மாடுகளிடம் பேசினான். "டர்ன் லெஃப்ட். ஸ்லோலி. வெரி குட்" என்று வயலில் சத்தம் கேட்கும். "நம்ம மாடு எஸ்.எஸ்.எல்.சி. பாஸாயிடும், அண்ணன் மறுபடி எழுதணும்" என்று லீலா மேரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஞானமுத்துவுக்கு வேறு யோசனை இருந்தது. அரியலூர் ஊர் எல்லையில் சின்னப்பிள்ளையின் கடலை மண்டி இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களின் நிலக்கடலை எல்லாம் அங்கேதான் போகும். "படிச்ச பையன வச்சிக்கிட்டு ஏன் வெயில்ல காய விடறே? எங்கிட்ட அனுப்பு, எட எழுதட்டும். நெழல்ல ஒக்காந்த வேல" என்று சின்னப்பிள்ளை இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஞானமுத்துவின் இரண்டு ஏக்கரில் யாரும் நிழலில் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

இருந்தாலும் மகன் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு அரியலூரில் மருந்துக்கடை வைத்திருந்த கம்பவுண்டர் மிக்கேலிடம் போனார். மிக்கேல் பையனைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தார். நாக்கைப் பார்த்தார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். ராத்தல் என்பது இங்கிலீஷ் பவுண்டுதான், அந்தக் காலத்தில் ஆளை நிறுப்பது அதில்தான்.

"அஞ்சடி ஏழங்குலம். இந்த ஒசரத்துக்கு நூத்திப்பதினஞ்சு ராத்தலாவது இருக்கணும் ஞானமுத்து. அதுக்குக் கொறஞ்சா எந்த டாக்டரும் வெமானத்துக்குக் கையெழுத்து போட மாட்டாரு. பையன் நாத்து மாதிரி நிக்கிறான்."

"இப்ப எவ்ளோ இருப்பான்?"

"எங்கிட்ட இருக்கறது கொழந்தய போட்டுப் பாக்கற தராசு. இவன எப்படிப் போடுறது? மண்டில போயி நிறுத்துப் பாரு."

மண்டியில் சாக்கு மூட்டை நிறுக்கிற பெரிய மேடைத் தராசு இருந்தது. தரையோடு ஒரு இரும்புப் பலகை, பக்கத்தில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் தொங்குகிற ஒரு இரும்புக் குண்டு. எடைக்காரர் கண்ணையன் செல்வத்தைப் பலகையில் ஏறச் சொல்லிவிட்டு, கம்பியில் ஓடுகிற எடை வில்லையை நகர்த்தினார்.

"நூத்தி மூணு."

"நல்லா பாருண்ணே" என்றார் ஞானமுத்து.

"மூட்டன்னா ரெண்டு தரம் பாக்கலாம். ஆளுக்கு என்ன? நூத்தி மூணுதான்."

உள்ளேயிருந்து சின்னப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் இன்னும் சிரித்தார். "வெமானத்துக்கா? காத்தடிச்சா இவனே பறந்துடுவான், எதுக்கு வெமானம்? வைகாசில எங்கிட்ட அனுப்பு ஞானமுத்து."

திரும்பி வரும் வழியில் ஞானமுத்து நின்றார். "செல்வம், நான் உன் ஆசைக்குக் குறுக்க நிக்கல. திருச்சிக்குப் போறதுக்குள்ள நூத்திப்பதினஞ்சு வந்துட்டா கையெழுத்துப் போடுறேன். வரலேன்னா மண்டி. சரியா?"

"சரிப்பா."

பன்னிரண்டு ராத்தல். பத்து வாரம். வீட்டுக் கதவின் உட்புறத்தில் லீலா மேரி கரித்துண்டால் 103 என்று எழுதினாள். அதற்கு மேலே எட்டாத உயரத்தில், முக்காலி போட்டு ஏறி, 115 என்று எழுதினாள்.

அன்றிலிருந்து மதலேனம்மாள் மகனைக் கண்ட இடத்தில் எல்லாம் ஊட்டினாள். காலையில் கம்பங்கூழில் கட்டித் தயிர். பத்து மணிக்கு வெல்லமும் வறுத்த கடலையும். மத்தியானம் வரகரிசிச் சோறு, முருங்கைக்கீரை, அதன் மேல் நல்லெண்ணெய். சாயங்காலம் உளுந்தங்களி. செல்வம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவான். "எம்மா, வெமானம் என்னத் தூக்கணும்மா" என்பான். "தூக்கும். அது இரும்பு. நீ முழுங்கு" என்பாள்.

விஷயம் ஊருக்குப் பரவியது. எதிர்வீட்டு இருசம்மாள் தினமும் ஒரு முட்டை கொண்டுவந்தாள். இருசம்மாளும் அவள் புருஷன் அங்கமுத்துவும் ஊரார் வயலில் கூலி வேலை பார்த்து, சமீபத்தில்தான் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கடலை போட்டிருந்தார்கள். "எங்கூட்டுக் கோழிக்குப் பறக்கத் தெரியல. அது முட்டயத் தின்னுட்டு இவனாச்சும் பறக்கட்டும்" என்பாள்.

மாசி பாதியில் தவக்காலம் தொடங்கியது. சவேரியார்பட்டியில் தவக்காலம் நாற்பது நாளும் கறி கிடையாது, முட்டையும் தொடமாட்டார்கள். மதலேனம்மாள் இதுவரை மீறியது இல்லை. முட்டைகள் உறியில் சேர்ந்துகொண்டே இருந்தன. நாலாம் நாள் பொறுக்காமல் பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள்.

"சாமி, தவக்காலத்துல புள்ளைக்கு முட்ட குடுத்தா பாவமா?"

"எந்தப் புள்ளைக்கு? வெமானத்துக்கா?" என்று சாமியார் சிரித்தார். அவர் காதுக்கும் போயிருந்தது. "இருவத்தொண்ணு ஆவாதவனுக்கு ஒருசந்தி உபவாசம் கடமையே இல்லம்மா. வெள்ளிக்கெழம மட்டும் கறி வேணாம். முட்ட தாராளமா குடு. உனக்கு மனசு கேக்கலேன்னா ஒரு முட்டைக்கு ஒரு செபமால சொல்லிடு."

அன்றிலிருந்து மதலேனம்மாள் கையில் எப்போதும் செபமாலை இருந்தது. தண்ணீர் இறைக்கும்போதும், கடலைக்குக் களை எடுக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஆனாலும் முட்டை முந்திக்கொண்டே போனது, செபமாலை பின்தங்கியது.

வாரம் தவறாமல் சனிக்கிழமை செல்வம் மண்டிக்குப் போய்த் தராசில் ஏறினான். 104. 105. மறுபடி 105. அந்த வாரம் மதலேனம்மாள் அழுதேவிட்டாள். பிறகு 107. கதவில் கரிக்கோடுகள் ஏறின. ஈஸ்டர் அன்றைக்கு ஊரே சேர்ந்து ஆட்டுக்கறி போட்டது. அடுத்த சனிக்கிழமை கண்ணையன் வில்லையை நகர்த்தி, குனிந்து, நிமிர்ந்தார்.

"நூத்திப்பன்னெண்டு."

செவ்வாய்க்கிழமை திருச்சிக்குப் போக வேண்டும்.

"இன்னும் மூணு" என்றாள் லீலா மேரி. "அண்ணே, டவுசர் பையில ரெண்டு கூழாங்கல்லப் போட்டுக்கயேன். நான் பொறுக்கித் தரேன்."

"போடி."

"அப்ப போறதுக்கு முன்னாடி ஒரு கொடம் தண்ணி குடி."

"பொய்யா எட காட்டிப் போனா, மேல போயி நெசமா விழுவேன். பேசாம இரு."

அப்பாவிடம் போனான். அவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "பேச்சு பேச்சுதான் செல்வம்" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. பத்து வாரமாக அவரும் தன் தட்டிலிருந்து எடுத்து மகன் தட்டில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"மண்டிக்குப் போறேம்ப்பா. திருச்சிக்கு மட்டும் ஒரு தடவ வாங்க. டாக்டர் வாயால வேணாம்னு சொல்லட்டும். கேட்டுட்டு வந்துடுறேன்."

செவ்வாய்க்கிழமை விடிகாலை ரயிலில் அப்பாவும் மகனும் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நரைத்த மீசை வைத்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "ஓஹோ, பைலட்டா?" என்றார். பிறகு வரிசையாகச் சோதித்தார். தூரத்து அட்டையில் எழுத்தைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் செல்வம் படித்தான். ஒரு டப்பாவிலிருந்து பல நிற நூல்கண்டுகளைக் கொட்டி, பச்சையை எல்லாம் தனியாக எடுக்கச் சொன்னார். எடுத்தான். முதுகுப் பக்கம் நின்று கடிகாரத்தைக் காதுக்கு எட்டவும் கிட்டவும் பிடித்தார். மூச்சைப் பிடிக்கச் சொல்லி எண்ணினார்.

"கண்ண மூடிக்கிட்டு ஒத்தக் கால்ல நில்லு."

செல்வம் நின்றான். மூலையில் இருந்த ஞானமுத்துவும், ஏனென்று தெரியாமல், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். டாக்டர் அவரைப் பார்த்து, "நீங்களுமா பைலட் ஆவப் போறீங்க?" என்றதும் சட்டென்று காலைக் கீழே வைத்தார்.

"சரி, தராசுல ஏறு."

அந்த வார்த்தைக்குத்தான் அப்பாவும் மகனும் பயந்துகொண்டிருந்தார்கள். செல்வம் ஏறினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"நூத்தி இருவத்தொண்ணு" என்று எழுதிக்கொண்டே, "எறங்கு" என்றார் டாக்டர்.

செல்வம் இறங்கவில்லை. "சார், நான் நூத்திப்பன்னெண்டு சார்."

"என்னது?"

"நூத்திப்பன்னெண்டுதான் சார் இருக்கேன். சனிக்கெழமதான் நிறுத்தோம். ஒங்க தராசு தப்பா இருக்கு சார்."

ஞானமுத்துவுக்கு உயிர் போய் வந்தது. மகன் கையில் கிடைத்ததைத் தானே தட்டிவிடுகிறான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ரூமுக்கு வர்றவன் எல்லாம் எடயக் கூட்டித்தான் சொல்லுவான். கொறச்சு சொல்றவன இப்பதாம்ப்பா பாக்குறேன்."

அலமாரியைத் திறந்து, சர்க்கார் முத்திரை குத்திய இரண்டு இரும்புப் படிக்கற்களை எடுத்துத் தராசில் வைத்தார். ஒவ்வொன்றும் இருபத்தெட்டு ராத்தல். இரண்டும் சேர்ந்து சரியாக ஐம்பத்தாறு காட்டியது. முள் அங்கேயே நின்றது.

"எந்தத் தராசுல நிறுத்தே?"

"எங்கூர்ப் பக்கத்துல கடல மண்டியில சார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "அவன் கடல வாங்குற தராசா? அது கொறச்சுக் காட்டாம வேற என்ன பண்ணும்?" பிறகு ஞானமுத்துவைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க பெரியவரே. தெரிஞ்சிட்டுப் போங்க" என்றார்.

ஞானமுத்து ஏறினார். நூற்று முப்பத்தைந்து. டாக்டர் இரண்டு எடையையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செல்வத்தின் சர்டிபிகேட்டில் 'தகுதி உள்ளவர்' என்று எழுதி முத்திரை வைத்தார்.

ரயில் லால்குடி தாண்டியதும் ஞானமுத்து டாக்டர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் செருகிக்கொண்டார். பிறகு திடீரென்று தொடையில் தட்டினார். "ஏண்டா, அந்தத் தராசு கள்ளத் தராசுன்னு ஊருக்கே சந்தேகம். வருஷா வருஷம் மல்லாட்டக் கடல மூட்டயப் போட்டுட்டு, வழியெல்லாம் திட்டிக்கிட்டேதான் வருவோம். ஆனா உன்ன மட்டும் அதுலயே ஏத்தி, அது சொன்னத அப்படியே நம்பி, பத்து வாரமா உங்கம்மா அழுவுறா பாரு!"

"மூட்டைக்குப் பொய் சொல்ற தராசு ஆளுக்கு மட்டும் நெசம் சொல்லுமாப்பா?"

"அத ஏண்டா ஒருத்தனும் யோசிக்கல?"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து தன் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அரியலூரில் இறங்கும்போது மணி மூன்றரை. ஞானமுத்து வீட்டுக்குப் போகவில்லை. நேராக மண்டிக்கு நடந்தார். கோடைக் கடலை பறித்த சமயம். வண்டிகள் வரிசையாக நின்றன. சவேரியார்பட்டிக்காரர்களே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அங்கமுத்து தன் முதல் விளைச்சலை, ஐந்து மூட்டையை, இறக்கி வைத்துவிட்டுத் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான். இருசம்மாள் மூட்டை மேல் கையை வைத்தபடி நின்றாள். சேதி கேட்க மதலேனம்மாளும் லீலா மேரியும் அவர்கள் வண்டியிலேயே வந்திருந்தார்கள்.

"என்னாச்சு?" என்று மதலேனம்மாள் ஓடிவந்தாள்.

"இரு" என்றார் ஞானமுத்து. "கண்ணையண்ணே, என் மவன ஒரு தடவ நிறுங்க."

"வேல நேரத்துல என்னப்பா வெளையாட்டு?" என்றாலும் கண்ணையன் வில்லையை நகர்த்தினார். "நூத்திப்பன்னெண்டு. அன்னிக்குச் சொன்னதுதான்."

"இப்ப என்னயும் நிறுங்க."

"நூத்தி இருவத்தஞ்சு."

ஞானமுத்து மடியிலிருந்து தாளை எடுத்து மகனிடம் கொடுத்தார். "சத்தமாப் படி."

செல்வம் மறுபடி பலகை மேல் ஏறி நின்றுகொண்டு படித்தான். "திருச்சி ஆஸ்பத்திரி. இன்னிக்குத் தேதி. மரிய செல்வம், நூத்தி இருவத்தொரு ராத்தல். ஞானமுத்து, நூத்தி முப்பத்தஞ்சு ராத்தல்."

மண்டி அப்படியே நின்றது. சின்னப்பிள்ளை வெளியே வந்தார். முகத்தில் அதே சிரிப்பு இருந்தது, ஆனால் வேர்த்திருந்தது. "வெயில்ல ரயில்ல போயி வந்தா ஆளு எளைக்கத்தானே செய்வான்? வேர்வையாப் போயிருக்கும்."

"அர நாள்ல ஒம்போது ராத்தல் எளைக்க எம்புள்ள என்ன ஐஸ் கட்டியா?" என்று மதலேனம்மாள் ஒரு சத்தம் போட்டாள். கையில் இருந்த செபமாலை ஆடியது. "நாப்பது நாளா நான் செபம் சொல்லிச் சொல்லி முட்ட குடுத்தேன். அத்தனையும் ஒங்க தராசு தின்னுச்சா முதலாளி?"

"எங்கூட்டுக் கோழி முட்ட அது!" என்றாள் இருசம்மாள்.

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தராசைச் சூழ்ந்தார்கள். கோபமாக வந்திருந்தால் சின்னப்பிள்ளை எப்படியும் சமாளித்திருப்பார். சிரிப்பை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணையன் ஒரு நிமிஷம் முதலாளியைப் பார்த்தார், ஒரு நிமிஷம் அங்கமுத்துவின் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு கம்பியின் நுனியில் தொங்கிய குண்டைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். அதன் அடிக்குழியில் ஈயம் ஊற்றி அடைத்திருந்தது. குண்டு கனத்தால் எடை குறைவாகக் காட்டும். அவ்வளவுதான் வித்தை.

எதிர்க் கொல்லுப்பட்டறையிலிருந்து உளியை வாங்கிவந்து ஈயத்தைப் பெயர்த்தார்கள். கொஞ்சம் பெயர்த்ததும் செல்வத்தை ஏற்றினார்கள். நூற்றுப் பதினாறு. இன்னும் கொஞ்சம். நூற்றுப் பத்தொன்பது. முழுவதும் பெயர்த்ததும் கண்ணையன் கூவினார்: "நூத்தி இருவத்தொண்ணு!" ஞானமுத்து ஏறினார். நூற்று முப்பத்தைந்து.

"ரெண்டு படிக்கல்லு வாங்கிட்டோம்" என்றான் அங்கமுத்து. "ஒண்ணு மீச வச்ச கல்லு, ஒண்ணு மீச மொளைக்காத கல்லு."

அன்றைக்கு வந்த மூட்டைகள் எல்லாம் மறுபடி தராசில் ஏறின. அந்த வாரம் நிறுத்துப்போட்டவையும் ஏறின. சின்னப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் செல்வத்திடம் மெதுவாக, "எட எழுத உன்னக் கூப்பிட்டேன் பாரு" என்றார். அவன், "நல்லவேள, ஒல்லியா இருந்தேன் முதலாளி" என்றான்.

லீலா மேரி அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நூத்திப்பதினஞ்சு தாண்டி ஆறு ராத்தல் ஆயிடுச்சு. கையெழுத்து?"

ஞானமுத்து எடை எழுதுகிற மேஜையில் குனிந்து, எடை எழுதுகிற பேனாவை வாங்கி, மகன் விரித்துக் காட்டிய தாளில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். 'து' போடும்போது மை தெறித்தது. அதை ஊதிக் காயவைத்தார்.

"போய்ட்டு வாடா" என்றார். "மேல ஏறினதும் எங்கள மறந்துடாத. கீழதான் இருப்போம்."

வைகாசி கடைசியில் மதராஸ் கிளப்பில் அவனை நேரில் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுத்தார்கள். பத்துப் பேரில் செல்வம் எட்டாவது ஆள். ஆனி மாதம் அவனை ரயில் ஏற்றிவிட்டபோது, ஒரு டிரங்குப் பெட்டியில் துணியும், அதைவிடப் பெரிய ஒரு தகர டின்னில் கடலை உருண்டையும் இருந்தன. டின்னைத் தூக்கிப் பார்த்த போர்ட்டர், "உள்ள என்னம்மா, எடக்கல்லா?" என்றார்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம் கார்டு வந்தது. லீலா மேரி அதை நடுவாசலில் நின்று, இருசம்மாள் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

'அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு ஸ்தோத்திரம். இத்தனை நாள் கொட்டகையில் விமானத்தைத் துடைத்தும் எண்ணெய் போட்டும் கழிந்தது. நேற்று முதல் தடவை மேலே போனேன். இருபது நிமிஷம். சொல்லிக்கொடுப்பவர் முன்னால், நான் பின்னால். அவர் இங்கிலீஷில் டர்ன் லெஃப்ட் என்று சொன்னதும் எனக்கு நம் மாடு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். மேலே இருந்து திருச்சிக்குப் போகும் தண்டவாளம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் நம் ஊர் வந்துவிடும் என்று நினைத்தேன். தனியாக ஓட்ட இன்னும் சில மாதம் ஆகும். பி லைசென்ஸுக்கு வருஷங்கள் ஆகும். ஆகட்டும். ஏறுவதற்கு முன்னால் இங்கே எல்லாரையும் எடை போடுகிறார்கள். நான் நூற்றுப் பதினெட்டு...'

"என்னது?" என்றாள் மதலேனம்மாள்.

"நூத்திப்பதினெட்டாம்மா."

மதலேனம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்த ஊர்த் தராசும் சரியில்ல. கடலய எடுடி, வறுக்கணும்."